டானின் உள்ள உணவுகளை அறவே விட்டுவிட வேண்டுமா?

நிலவொளி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. ஐந்து மாதங்களுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 என்றும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8 என்றும் வந்தன. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டோடு தேநீர் குடிக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஏன் என்று நான் அப்போது கேட்கவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, தேநீரில் உள்ள டானின் என்னும் பொருள்தான் இரும்பைத் தடுக்கிறது என்றும், அதே பொருள் மாதுளை, திராட்சை, அக்ரூட், கோகோ, சிவப்பு பீன்ஸ், தோல் நீக்காத பருப்பு வகைகள் ஆகிய எல்லாவற்றிலும் இருக்கிறது என்றும் தெரிந்தது. அந்தப் பட்டியலில் இருந்த ஒன்றைக்கூட விடாமல் அத்தனையையும் நிறுத்தினேன். தேநீருக்குப் பதிலாகப் புதினா இலை போட்டுக் கொதிக்க வைத்த நீரைக் குடித்து வருகிறேன். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் மாத்திரையையும் அதோடுதான் விழுங்குகிறேன்.

நான்கு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.5. இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு இந்த முன்னேற்றம் போதாது என்று மனம் சோர்ந்துவிட்டது. மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. இதற்கிடையில் மாதுளையும் அக்ரூட்டும் இதயத்துக்கு நல்லவை, அதற்குக் காரணமே டானின்தான் என்று வேறோர் இடத்தில் படித்தேன். ஒரே பொருளை ஒருவர் நஞ்சு என்கிறார், இன்னொருவர் மருந்து என்கிறார். விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரிமவேதி

வணக்கம் சகோதரி. நான் வேதியியல் ஆசிரியன்; மருத்துவன் அல்லன். ஆகவே இந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டானின் என்ற பெயர் தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. கடுக்காய், கருவேலம்பட்டை, ஓக் மரப்பட்டை போன்றவற்றின் சாற்றில் பச்சைத்தோலை ஊறவைக்கும்போது, சாற்றில் உள்ள டானின் தோலின் கொலாஜன் புரதத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் தோல் அழுகாமல் பதமாகிறது. நன்கு கனியாத பழத்தைக் கடித்தவுடன் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து இழுத்துப் பிடிப்பது போல உணர்கிறோமே, அங்கும் நடப்பது இதுவே. உமிழ்நீரில் வழவழப்பைத் தரும் புரதங்களை டானின் பற்றித் திரளச் செய்துவிடுவதால் வாய் சொரசொரப்பாகிறது. துவர்ப்பை நாம் சுவை என்று எண்ணினாலும், அதில் பெரும்பகுதி தொடு உணர்வுதான்.

பேட்-ஸ்மித், ஸ்வைன் என்ற இரு அறிஞர்கள் 1962-இல் தந்த வரையறை இன்றும் பயன்படுகிறது: நீரில் கரைவது, மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 முதல் 3000 வரை இருப்பது, ஜெலட்டின் போன்ற புரதங்களைக் கரைசலிலிருந்து வீழ்படியச் செய்வது. இதில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று, நீரால் பகுபடும் டானின்கள். மாதுளைத் தோலிலும் அக்ரூட்டிலும் இருப்பவை இந்த வகை. மற்றொன்று, செறிந்த டானின்கள், அதாவது புரோஆந்தோசயனிடின்கள். திராட்சை விதை, கோகோ, பீன்ஸ் தோல் ஆகியவற்றில் இருப்பவை இவை. கடற்பாசிகளில் மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. இவற்றின் உடற்செயல்கள் ஒன்று போல இருப்பதில்லை. ஆகவே "டானின் நல்லதா, கெட்டதா" என்று ஒருமையில் கேட்டால் விடை கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

இரும்பைப் பொறுத்தவரை ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். உங்கள் இரும்பு மாத்திரை ஃபெரஸ் சல்ஃபேட்டாக இருந்தால், ஒன்றைப் பொடித்துக் கால் குவளை நீரில் கரையுங்கள். பால் சேர்க்காத தேநீர் இரண்டு கரண்டியை அதில் ஊற்றி, கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் பிடியுங்கள். செம்பழுப்பாக இருந்த தேநீர் சற்று நேரத்தில் கருநீலம் கலந்த மையாக மாறும். முற்காலத்தில் மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இந்த வினையைக் கொண்டுதான். மாசிக்காயில் இருப்பது டானின். அன்னபேதி என்பது உங்கள் மாத்திரையில் உள்ள அதே இரும்பு உப்பு. இரும்பும் டானினும் இப்படிப் பிணைந்துவிட்டால் குடலின் சுவர் அந்த இரும்பை எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது.

சத்துக்கணக்கு

நான் உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். நிலவொளி அவர்களே, உங்கள் பதிவில் ஒரு வரியைப் படித்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாத்திரையைப் புதினா நீரோடு விழுங்குவதாகச் சொல்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள்.

1999-இல் ஹரல் என்பவரும் அவருடைய குழுவினரும், ரொட்டி உணவோடு பலவகைப் பானங்களைக் கொடுத்து இரும்பு எவ்வளவு உட்கிரகிக்கப்படுகிறது என்று மனிதர்களிடமே அளந்தார்கள். தண்ணீரோடு ஒப்பிட்டபோது கறுப்புத் தேநீர் 79 முதல் 94 விழுக்காடு வரை இரும்பின் உட்கிரகிப்பைக் குறைத்தது. அதே ஆய்வில் புதினா நீர் 84 விழுக்காடும், கோகோ 71 விழுக்காடும், சாமந்தி வகையைச் சேர்ந்த கெமோமைல் நீர் 47 விழுக்காடும் குறைத்தன. தேயிலை இல்லை என்பதால் இரும்புக்குத் தடை இல்லை என்று ஆகிவிடாது. டானின் பாலிஃபீனால் என்னும் பெரிய பொருட்குடும்பத்தைச் சேர்ந்தது; இலைகளில் உள்ள மற்றப் பாலிஃபீனால்களும் அந்த வேலையைச் செய்யும். ஒரு குவளையில் 20 முதல் 50 மில்லிகிராம் பாலிஃபீனால் இருந்தாலே பாதிக்கு மேல் தடை ஏற்பட்டது. மாத்திரையில் இரும்பின் அளவு உணவில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அதே விகிதத்தில் உங்களுக்கு இழப்பு ஏற்பட்டிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிற்றுண்டியில் இருந்த இரும்புக்கு நிச்சயம் பாதிப்பு இருந்திருக்கும்.

பால் சேர்த்துக் குடித்தால் தடை நீங்கும் என்று பலர் நம்புகிறார்கள். பாலிலுள்ள கேசின் புரதம் டானினைப் பற்றிக்கொள்வதால் துவர்ப்பு குறைகிறது, அது உண்மை. ஆனால் மேற்சொன்ன ஆய்வில் பால் சேர்த்ததால் இரும்புத் தடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.

அடுத்தது நேரம். 1983-இல் மார்க் குழுவினர் இறைச்சி கலந்த உணவோடு காபி கொடுத்தபோது உட்கிரகிப்பு 39 விழுக்காடும், தேநீர் கொடுத்தபோது 64 விழுக்காடும் குறைந்தன. உணவுக்கு 1 மணி நேரம் முன்பே காபி குடித்தவர்களிடம் எந்தக் குறைவும் இல்லை. உணவுக்கு 1 மணி நேரம் கழித்துக் குடித்தபோது, உடன் குடித்ததைப் போலவே தடை இருந்தது. தேநீரை வைத்து 2017-இல் வந்த இன்னோர் ஆய்வு, உணவுக்குப் பின் 1 மணி நேரம் இடைவெளி விட்டாலே தடை கணிசமாகத் தணிகிறது என்று காட்டியது. இரண்டும் முழுமையாக ஒத்துப்போகாததால், நான் என்னிடம் வருவோருக்கு உணவுக்குப் பின் 2 மணி நேரம் என்று சொல்லிவிடுவது வழக்கம். இடைவெளி கூடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

வைட்டமின் சி இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. 100 மில்லிகிராமுக்கு மேல் டானிக் அமிலம் என்னும் ஒரு வகை டானின் கலந்த உணவின் தடையை வெல்ல, குறைந்தது 50 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும் என்று 1991-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நடுத்தர ஆரஞ்சுப் பழம் ஒன்றில் அந்த அளவு கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் நிறுத்திய பீன்ஸும் பருப்பும் உங்களுக்கு இரும்பும் நார்ச்சத்தும் தந்துகொண்டிருந்தவை. மலச்சிக்கலுக்கு இரும்பு மாத்திரையே ஒரு காரணம் என்றாலும், நார்ச்சத்தை வெட்டியது அதைக் கூட்டியிருக்கலாம்.

நேர்கோடு

மேலே எழுதியவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆனால் "நேரத்தை மாற்றினால் போதும்" என்று முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாவரம் டானினை உருவாக்குவது நமக்காக அன்று. பூச்சியும் பறவையும் விலங்கும் தன்னை உண்ணாமல் காத்துக்கொள்ளவே உருவாக்குகிறது. டானின் மிகுந்த சோள வகைகளைப் பறவைகள் எளிதில் நெருங்குவதில்லை. அந்தச் சோளத்தைத் தீவனமாகக் கொடுத்த கோழிக்குஞ்சுகளின் வளர்ச்சி குன்றியது பலமுறை பதிவாகியுள்ளது. ஓக் மரத்தின் இளந்தளிரையும் கொட்டையையும் அளவு மீறித் தின்ற மாடுகள் சிறுநீரகம் கெட்டு இறக்கின்றன. ஓக் கொட்டைகளை உண்ணத்தக்கதாக்க, கலிஃபோர்னியாவின் தொல்குடி மக்கள் அவற்றை இடித்து மாவாக்கி, துவர்ப்பு நீங்கும் வரை திரும்பத் திரும்ப நீர் ஊற்றி அலசினார்கள். புரதத்தைப் பற்றும் பொருள், செரிமான நொதிகளையும் பற்றும், நொதிகளும் புரதங்களே. அப்படியிருக்க, இதைச் சத்துக்கு எதிரி என்று சொல்வதில் என்ன தவறு?

தொழுவம்

நேர்கோடு அவர்களே, நான் கால்நடைத் தீவனத் துறையில் இருப்பவன். நீங்கள் தந்த செய்திகள் அனைத்தும் சரியானவை. ஆனால் அவை பாதிச் செய்திதான். மீதியைச் சொல்ல அனுமதியுங்கள்.

டானின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குக் கொடுத்து 1980-களில் செய்த ஆய்வுகளில், முதல் சில நாட்கள் எலிகளின் எடை இறங்கியது. பிறகு அவற்றின் காதோர உமிழ்நீர்ச் சுரப்பிகள் பருத்தன. புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த ஒரு வகைப் புரதத்தை அவை பெருமளவில் சுரக்கத் தொடங்கின. அந்தப் புரதம் டானினை வாயிலேயே பற்றிக்கொள்ள, எலிகளின் எடை மீண்டும் ஏறியது. வெள்ளெலிகள் எனப்படும் ஹாம்ஸ்டர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் நிகழவில்லை; அவற்றின் வளர்ச்சி குன்றியே போனது. தழை மேயும் மான்களின் உமிழ்நீரில் டானினைப் பற்றும் புரதம் உண்டு. புல் மேயும் மாட்டிலும் செம்மறியிலும் அது இல்லை. ஆகவே மாடு இறந்தது என்பதைக் கொண்டு மனிதனுக்கு நேரடியாக முடிவு கட்ட இயலாது. மனிதரின் காதோரச் சுரப்பி தரும் உமிழ்நீரில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு இந்தப் புரோலின் மிகுந்த வகைதான். எலிக்குத் தேவை வந்தபின் சுரப்பது, நமக்கு எப்போதும் சுரந்துகொண்டிருக்கிறது. துவர்ப்பு வாயில் பிடிக்கிறது என்றால், டானினின் ஒரு பகுதி அங்கேயே மாட்டிக்கொண்டது என்று பொருள்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட அளவுதான் தீர்ப்புச் சொல்கிறது. தீவனத்தின் உலர்எடையில் 2 முதல் 4 விழுக்காடு வரை செறிந்த டானின் இருந்தால், அது புரதத்தை இரைப்பையின் முதல் அறையில் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடாமல் காத்துச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. வயிறு உப்பி மாடு சாவதையும் தடுக்கிறது. ஏறத்தாழ 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலங்கு தீவனத்தையே ஒதுக்கத் தொடங்கிவிடும். ஒரு தீவனத்தைக் கையில் எடுத்து மென்று பார்த்தே இது அதிகம் என்று சொல்லும் பழைய ஆட்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் நாக்கு பெரும்பாலும் தவறியதில்லை.

சோளத்தைப் பற்றி ஒரு திருத்தமும் உண்டு. எல்லாச் சோளத்திலும் டானின் இல்லை. விதையின் தோலுக்கு அடியில் நிறமி படிந்த ஓர் அடுக்கு உள்ள வகைகளில்தான் அது இருக்கும். மணியின் வெளிநிறம் சிவப்பாக இருப்பதை மட்டும் வைத்து டானின் உண்டு என்று முடிவு செய்யக் கூடாது.

நேர்கோடு

நன்றி. உமிழ்நீர்ப் புரதம் பற்றிய செய்தி எனக்குப் புதிது; என் வாதத்தின் ஒரு பகுதியை அது தளர்த்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அடுத்த கேள்வி: எலி பழகிக்கொண்டது போல மனிதரும் நாளடைவில் பழகிக்கொண்டு, இரும்புத் தடையும் குறையுமா? ஒரு வேளை உணவை வைத்து அளந்த 94 விழுக்காடு என்பது ஆண்டுக்கணக்கில் உண்மையாக இருந்தால், தேநீர் குடிக்கும் அனைவரும் இரத்தசோகையில் கிடக்க வேண்டுமே?

சத்துக்கணக்கு

மிகச் சரியான கேள்வி. ஒரு வேளை உணவை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் தடை மிகப் பெரிதாகத் தெரிகிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இரும்பு நிலையைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் அந்த அளவுக்குப் பாதிப்பு பெரும்பாலும் தெரிவதில்லை. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. நாம் ஒரே உணவைத் தனியாக உண்பதில்லை. பழமும் காயும் சேரும்போது வைட்டமின் சி வந்துவிடுகிறது. இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பை டானின் அவ்வளவாகத் தொடுவதில்லை. எல்லாவற்றையும்விட, உடலில் இரும்புச் சேமிப்பு இறங்கும்போது குடல் கூடுதல் இரும்பை எடுத்துக்கொள்கிறது. உமிழ்நீர்ப் புரதங்களும் இதில் பங்காற்றக்கூடும் என்று கருதப்படுகிறது.

ஆகவே போதிய இரும்பு உள்ள ஒருவர் சாப்பாட்டோடு தேநீர் குடித்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுவார். ஆனால் மாதவிடாயில் அதிக இரத்தம் இழப்பவர்கள், கருவுற்றவர்கள், வளரும் குழந்தைகள், தாவர உணவை மட்டுமே உண்பவர்கள், ஏற்கெனவே ஃபெரிட்டின் இறங்கியவர்கள் ஆகியோருக்குக் கையிருப்பு இல்லை. கையிருப்பு இல்லாதவரிடம் சிறு இழப்பும் பெரிதாகத் தெரியும். நிலவொளி அவர்களை நான் எச்சரித்தது அதனால்தான்.

இதே தடை வரமாக மாறும் நோயும் உண்டு. பரம்பரை ஹீமோகுரோமடோசிஸ் உள்ளவர்களின் உடல் அளவுக்கு மீறி இரும்பைச் சேர்த்துக்கொண்டே போகும். அவர்கள் உணவோடு தேநீர் குடித்தபோது உட்கிரகிப்பு குறைந்ததையும், சேமிப்பு மீண்டும் கூடும் வேகம் தணிந்ததையும் 1998-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. இரத்தம் இறக்கும் சிகிச்சைக்கு அது மாற்று அன்று, துணைதான்.

பசுந்தளிர்

இத்தனை நேரம் கெடுதலையே பேசிக்கொண்டிருக்கிறோம். டானின்கள் சிறந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் என்று எல்லோரும் சொல்கிறார்களே? நான் திராட்சை விதைச் சாறும் பச்சைத் தேயிலைச் சாறும் மாத்திரையாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். உணவில் கிடைப்பதைவிட அடர்த்தியாகக் கிடைத்தால் பலனும் கூடும்தானே?

கரிமவேதி

பசுந்தளிர் அவர்களே, இதில் சற்று நிதானம் வேண்டும் என்று உங்கள் நலன் கருதிக் கேட்டுக்கொள்கிறேன்.

சோதனைக் குழாயில் டானின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது உண்மை. ஆனால் பெரிய மூலக்கூறுகளாக உள்ள டானின்கள் குடலிலிருந்து இரத்தத்துக்கு அப்படியே நுழைவதில்லை. பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிர்கள் உடைத்த பிறகு சிறு துண்டுகளாகவே உள்ளே போகின்றன. மாதுளை, அக்ரூட், ராஸ்பெர்ரி ஆகியவற்றில் உள்ள, நீரால் பகுபடும் வகையைச் சேர்ந்த எல்லாஜிட்டானின்கள் இப்படி உடைந்து யூரோலித்தின் என்ற பொருளாகின்றன. அதை உருவாக்கும் நுண்ணுயிர்கள் எல்லோருடைய குடலிலும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு யூரோலித்தின் உருவாவதே இல்லை. ஒரே மாதுளையை இருவர் பகிர்ந்து உண்டால் இருவருடைய இரத்தத்திலும் ஒரே பொருள் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இதுதான்.

இதயத்தைப் பற்றிய பெரிய சான்று கோகோவிலிருந்து வருகிறது. 21,442 பேரைக் கொண்டு நடந்து, 2022-இல் முடிவு வெளியான காஸ்மாஸ் ஆய்வில், நாளொன்றுக்கு செறிந்த டானின்களுக்கு அடிப்படை அலகான ஃபிளவனாலைக் கோகோவிலிருந்து எடுத்து 500 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்த எண்ணிக்கை 10 விழுக்காடு குறைந்தாலும், அது தற்செயல் அல்ல என்று சொல்லும் வலுவை எட்டவில்லை. இதயநோய் மரணங்கள் மட்டும் 27 விழுக்காடு குறைந்தன. ஆனால் அது ஆய்வின் முதன்மைக் கேள்வி அன்று. நம்பிக்கை தரும் முடிவு என்று சொல்லலாம். நிரூபணம் என்று சொல்லக் கூடாது.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று கிரான்பெர்ரி. அதிலுள்ள ஏ-வகைப் புரோஆந்தோசயனிடின்கள், சிறுநீர்ப்பாதையின் சுவரில் ஈ.கோலை என்னும் நுண்ணுயிர் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. 2012-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு இதற்குப் போதிய ஆதரவு இல்லை என்றது. 2023-இல், 50 ஆய்வுகளைச் சேர்த்து மறுபடி பார்த்தபோது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களிடம் ஆபத்து ஏறத்தாழக் கால் பங்கு குறைவதாகவும், குழந்தைகளிடமும் பயன் உள்ளதாகவும் முடிவு மாறியது. கருவுற்றவர்களுக்கும் காப்பகங்களில் வாழும் முதியோருக்கும் பயன் தெரியவில்லை. இது வராமல் தடுப்பதற்கு மட்டுமே. வந்துவிட்ட தொற்றுக்கு மருந்து அன்று.

இனி உங்கள் மாத்திரை. பச்சைத் தேயிலையை நீரில் ஊறவைத்துக் குடிப்பவர்களுக்கு இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டசின் (தேயிலையின் துவர்ப்புப் பொருள்களில் ஒன்று) சராசரியாக நாளுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் வரை கிடைக்கிறது. மாத்திரை வடிவில் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. குவளையில் குடிப்பவருக்குத் துவர்ப்பே ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. மாத்திரையை விழுங்குபவருக்கு அந்த எல்லை இல்லை. புட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏட்டுச்சுவடி

கல்லீரல் என்றதும் ஒரு பழைய நிகழ்வை நினைவூட்ட விரும்புகிறேன். 1925-இல் டேவிட்சன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தீக்காயத்தின் மேல் டானிக் அமிலக் கரைசலைத் தெளித்து உறுதியான பொருக்கை உண்டாக்கும் முறையை வெளியிட்டார். அது உலகெங்கும் பரவி, பல்லாயிரம் பேருக்குப் பயன்பட்டது. தோல் அற்ற இடத்தின் வழியே உள்ளே புகுந்த டானிக் அமிலம் கல்லீரலைத் தாக்குகிறது என்பது 1940-களில் தெளிவானதும் அந்த முறை கைவிடப்பட்டது. பிறகு, குடலை எக்ஸ்ரே எடுப்பதற்காகப் பேரியத்தோடு டானிக் அமிலம் கலந்து ஆசனவாய் வழியே செலுத்தியதிலும் சிலர் கல்லீரல் சிதைந்து இறந்தார்கள். 1960-களில் அதற்கும் தடை வந்தது.

டானின் புற்றுநோய் தரும் என்ற அச்சத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. எலிகளின் உடலில் டானிக் அமிலத்தை ஊசியால் செலுத்தியபோது கல்லீரலில் கட்டிகள் உண்டாயின. ஊசியில் ஏற்றுவதும் வாயால் உண்பதும் ஒன்றல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை டானின்களை 3-ஆம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த இயலாதவற்றில் வைத்துள்ளது. அதே முகமை 2016-இல், 65 பாகை செல்சியஸுக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கும் பானங்களை உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று 2ஏ பிரிவில் சேர்த்தது. தேநீரைக் கண்டு அஞ்சுபவர் டானினைவிடச் சூட்டுக்கு அஞ்சுவது பொருத்தம்.

மேலும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். டானிக் அமிலம் என்பது மாசிக்காய் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் ஒரு குறிப்பிட்ட டானின். தேநீரில் அது இல்லை. அங்குள்ளவை கேட்டசின்களும், இலை புளிக்கும்போது அவற்றிலிருந்து உருவாகும் பெரிய மூலக்கூறுகளும். காபியில் உண்மையான டானின் மிகக் குறைவு. அதில் இரும்பைப் பிடிப்பது குளோரோஜெனிக் அமிலம்.

மறுகரை

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் பெரியப்பா, நன்கு கனியாத பெர்சிமன் பழங்களை ஒரே நாளில் ஐந்தாறு சாப்பிட்டார். சில வாரங்கள் கழித்து வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, உட்புறம் பார்க்கும் குழாயைச் செலுத்தியபோது, இரைப்பைக்குள் கரும்பழுப்பில் கல் போன்ற ஓர் உருண்டை இருந்தது. அந்தப் பழத்தின் டானின் இரைப்பை அமிலத்தில் திரண்டு, நாரையும் சேர்த்துக்கொண்டு இறுகியது என்று மருத்துவர் விளக்கினார். நன்கு கனிந்த பழத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவாம். கனியும்போது டானின் ஒன்றோடொன்று பிணைந்து கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள் துவர்க்கும் பழங்களை அளவோடு உண்ண வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நிலவொளி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கரிமவேதி ஐயா சொன்ன சோதனையை நேற்று மாலை செய்து பார்த்தேன். என் மாத்திரை ஃபெரஸ் சல்ஃபேட்தான். பொடித்த நீரில் தேநீரை ஊற்றியதும் ஓரத்தில் புகை போல ஒரு கருமை இறங்கியது. கலக்கிவிட்டு வேறு வேலையைப் பார்த்துத் திரும்பி வந்தால், குவளைக்குப் பின்னால் வைத்திருந்த என் விரல் தெரியவில்லை. பிறகு, வேறொரு குவளையில் புதினா நீரை வைத்தும் செய்தேன். தேநீர் அளவுக்கு இல்லை என்றாலும் நன்றாகவே கறுத்தது. நான்கு மாதங்களாக மாத்திரையை எதோடு விழுங்கினேன் என்று எண்ணியபோது கண் கலங்கிவிட்டது.

இன்று காலை முதல் மாத்திரையைத் தண்ணீரோடும் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடும் எடுத்துக்கொள்கிறேன். மாதுளையையும் அக்ரூட்டையும் மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். தேநீர் ஒரு குவளை, அதுவும் மாலையில். பீன்ஸையும் பருப்பையும் மறுபடி சமைக்கப் போகிறேன். அவற்றிலும் டானின் இருக்கிறதே, அதைக் குறைக்க வழி உண்டா? ஊறவைத்த தண்ணீரில் சத்து இருக்கிறது, கொட்டக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சத்துக்கணக்கு

உங்கள் மாலை நேர ஏற்பாடு சரியானது. வேறு மருந்து எதுவும் எடுக்கிறீர்கள் என்றால், மாத்திரை நேரத்தை மட்டும் மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், உணவை மேலும் குறைக்காதீர்கள். இரத்தம் எங்கேனும் கசிகிறதா, குடலில் உட்கிரகிப்புக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பயறு வகைகளில் டானின் பெரும்பாலும் விதையின் தோலில் இருக்கிறது. வெள்ளை பீன்ஸில் மிகக் குறைவு. சிவப்பு, கறுப்பு வகைகளில் அதிகம். தோல் நீக்கிய பருப்பில் பெரும்பகுதி போய்விடும், ஆனால் அதோடு நாரும் போகும். ஊறவைக்கும்போது டானினில் ஒரு பகுதி நீரில் இறங்குகிறது. இரும்பைத் தடுக்கும் மற்றொரு பொருளான ஃபைட்டேட்டும் ஓரளவு குறைகிறது. அந்த நீரில் சிறிது பி வைட்டமின்களும் தாது உப்புகளும் போவது உண்மைதான். உங்கள் இப்போதைய நிலையில் அந்த இழப்பைவிட இரும்பு முக்கியம் என்பதால், ஃபெரிட்டின் ஏறும் வரை ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது. வெந்ததும் இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பின் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கொதிக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி வீணாகும்.

நிலவொளி

குறித்துக்கொண்டேன். சிவப்பு பீன்ஸ் இன்று இரவே ஊறப் போடுகிறேன். அடுத்த பரிசோதனை முடிவு வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.